கார்டு கடன் கட்ட முடியாதவருக்கு: கடலூர், புதுச்சேரியில் கிடைக்கும் உதவிகளில் எது தேறும், எது தேறாது

கிரெடிட் கார்டு பாக்கி கைமீறிப் போனவரைத் தேடிப் பல பேர் வருகிறார்கள். "உங்கள் கடனைப் பாதியாகக் குறைத்துத் தருகிறோம்" என்று போனில் விளம்பரம் வருகிறது. தெரிந்த கடைக்காரர் "கார்டைக் குடுங்கண்ணே, தேய்ச்சுப் பணமாத் தர்றேன், இந்த மாச டியூவைக் கட்டிடலாம்" என்கிறார். வங்கிக் கிளைக்குப் போனால் "கார்டு பிரிவு வேற சார், எங்க கையில ஒண்ணும் இல்ல" என்று அனுப்பிவிடுகிறார்கள். நீதிமன்ற வளாகத்தில் காசில்லாமல் ஒரு கதவு திறந்திருப்பதை மட்டும் யாரும் சொல்வதில்லை.

கடலூர் மாவட்டத்திலும் புதுச்சேரியிலும் இருப்பவர் எட்டக்கூடிய சேவைகளை இங்கே எடைபோட்டிருக்கிறோம். முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். காசு வாங்கிக்கொண்டு செய்யும் இரண்டும் வேண்டாம். காசு வாங்காத மூன்றும், வரிசை தப்பாமல், எல்லாவற்றையும் எழுத்தில் வைத்துப் போனால், உண்மையிலேயே பலன் தருகின்றன.

முதலில் கணக்கு

மாதம் 3.5 சதவீத வட்டி போடும் கார்டில் 1 லட்சம் ரூபாய் பாக்கி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மாத வட்டி 3,500 ரூபாய். வீட்டுக் கடன், தனிநபர் கடன் வட்டிக்கு ஜி.எஸ்.டி. கிடையாது, கார்டு வட்டிக்கு 18 சதவீதம் உண்டு. அது 630 ரூபாய். ஆக 4,130. மினிமம் டியூ (மாதம் கட்டியே ஆக வேண்டிய குறைந்தபட்சத் தொகை) 5 சதவீதம் என்றால் 5,000 ரூபாய் கட்டுகிறீர்கள். அசலில் குறைவது 870 ரூபாய். புதிதாக ஒரு ரூபாய்க்கும் கார்டைத் தொடாமல் ஒரு வருடம் இப்படியே கட்டினால், கையிலிருந்து போவது ஏறத்தாழ 57,000. கடனில் குறைவது ஏறத்தாழ 10,000.

மினிமம் டியூ கட்டினால் கடன் மேலே ஏறக் கூடாது என்பது ரிசர்வ் வங்கி 2022-இல் கொண்டுவந்த கார்டு விதி. வேகமாக இறங்க வேண்டும் என்று அந்த விதி சொல்லவில்லை. பழைய பாக்கி நிற்கும்வரை வட்டியில்லா நாட்களும் கிடையாது. மளிகைக்குத் தேய்த்த 800 ரூபாய்க்கும் அன்றைக்கே வட்டி தொடங்கிவிடும். அதனால் எந்தக் கதவைத் தட்டுவதற்கு முன்பும் அந்தக் கார்டில் செலவை நிறுத்துங்கள். கார்டோடு இணைத்து வைத்திருக்கும் ஓ.டி.டி. சந்தா, போன் ரீசார்ஜ், இன்ஷூரன்ஸ் தானியங்கிப் பிடித்தங்களை மாற்றுங்கள். இதை மறந்தவர் கணக்கில்தான் பாக்கி தானாக வளர்ந்துகொண்டே இருக்கும்.

இன்னொரு விஷயம். வட்டி 30 சதவீதத்தைத் தாண்டினால் சட்டவிரோதம், கட்டவே வேண்டாம் என்று சொல்பவர் இன்னும் இருக்கிறார்கள். தேசிய நுகர்வோர் ஆணையம் 2008-இல் அப்படி ஓர் உத்தரவு போட்டது உண்மை. உச்ச நீதிமன்றம் 2024 டிசம்பர் 20 அன்று அதை ரத்து செய்துவிட்டது. அந்தப் பழைய உத்தரவைக் காட்டிக் காசு கேட்பவரை நம்ப வேண்டாம்.

கார்டு தேய்த்துப் பணம் தருபவர்

பொருள் விற்றதுபோல் மிஷினில் தேய்த்து, கமிஷன் பிடித்துக்கொண்டு ரொக்கம் தருவார். அல்லது உங்கள் டியூவைத் தன் பணத்தில் கட்டிவிட்டு, லிமிட் திரும்பியதும் அதே தொகையைத் தேய்த்துக்கொள்வார். கமிஷன் 2.5 சதவீதம் என்றால் 1 லட்சத்துக்கு மாதம் 2,500, வருடத்துக்கு 30,000. அசல் ஒரு ரூபாய்கூடக் குறையாது. கார்டு வட்டியைவிடக் குறைவுதானே என்று பலர் இதில் விழுகிறார்கள். ஒரு மாதம் அவர் கையில் பணமில்லை என்றால் முழுத் தொகையும் ஒரே நாளில் உங்கள் தலையில் விழும். மாதாமாதம் ஒரே கடையில் லிமிட் அளவுக்குத் தேய்ப்பதை வங்கி கண்டுபிடித்தால் கார்டை முடக்கிவிடும். பிறகு செட்டில்மென்ட் (பாக்கியில் ஒரு பகுதியைக் கட்டிக் கடனை முடித்துக்கொள்வது) பேசப் போனாலும் உங்கள்மேல் நம்பிக்கை இருக்காது. கார்டையும் பின் நம்பரையும் அவரிடமே விட்டு வைப்பவர்களும் உண்டு. அதன்பின் வரும் எந்தச் செலவையும் "நான் செய்யவில்லை" என்று வங்கியிடம் வாதாட முடியாது. எங்கள் மதிப்பீட்டில் இது கீழ்க்கடைசி.

கடன் தீர்க்கும் கம்பெனிகள்

இவற்றைப் பற்றித்தான் அதிகம் கேட்கிறார்கள். பெரும்பாலானவை போனிலும் வாட்ஸ்அப்பிலும் இயங்குபவை. பதிவுக் கட்டணம் ஒன்று, மாதச் சந்தா ஒன்று, கடைசியில் குறைந்த தொகையில் ஒரு பங்கு என்று மூன்று இடத்தில் வாங்குகிறார்கள். வங்கிக்கு ஒரு பைசா கட்டாதீர்கள், எல்லாம் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்பதுதான் முதல் அறிவுரை.

அவர்கள் செய்யும் வேலை என்ன? உங்கள் பெயரில் வங்கிக்கு ஒரு கடிதம். வசூல் ஏஜென்ட்டுக்கு ரிசர்வ் வங்கி விதியைக் காட்டி ஒரு வக்கீல் நோட்டீஸ். ஆறேழு மாதம் கழித்து, வங்கி தானாகவே செட்டில்மென்ட் தர முன்வரும் கட்டத்தில், அந்தக் கடிதத்தை உங்களுக்கு அனுப்பிவைத்தல். இதில் எதற்கும் ரிசர்வ் வங்கி இவர்களுக்கு உரிமம் தரவில்லை. இவர்களோடு பேச வேண்டிய கட்டாயமும் வங்கிக்குக் கிடையாது. பல வங்கிகள் கார்டுதாரரிடம்தான் பேசுவோம் என்று சொல்லிவிடுகின்றன.

இதற்கு ஆகும் விலையைப் பாருங்கள். 3 லட்ச ரூபாய் பாக்கி, அதே 3.5 சதவீதம்: வட்டியும் ஜி.எஸ்.டி.யுமாக மாதம் 12,390. ஆறு மாதம் கட்டாமல் இருந்தால் குறைந்தது 74,340. தாமதக் கட்டணம் தனி. மாதச் சந்தா 5,000 என்று வைத்துக்கொண்டால் இன்னொரு 30,000. அந்த 30,000 கையில் இருந்திருந்தால் செட்டில்மென்ட்டின் முதல் தவணையாகவே கட்டியிருக்கலாம். பேச்சு முறிந்தால் சந்தா திரும்பி வராது. கடனை ஒழுங்காகக் கட்டுகிறீர்களா என்று காட்டும் சிபில் மதிப்பெண்ணும் அதற்குள் சரிந்திருக்கும். இந்தக் கம்பெனிகள் காசுக்கு விற்கும் ஒவ்வொன்றையும் நீங்களே செலவில்லாமல் செய்ய முடியும்.

வங்கியிடமே நேராக

வருமானம் இருக்கிறது, வட்டிதான் தின்கிறது என்பவருக்கு ஒரு வழி. வருமானமே நின்றுபோனவருக்கு வேறு வழி. இரண்டையும் குழப்பினால் தவறு நடக்கும்.

மாத வருமானம் உள்ளவர், தவணை தவறுவதற்கு முன்பே, மொத்தப் பாக்கியையும் இ.எம்.ஐ. ஆக மாற்றக் கேட்க வேண்டும். மூன்று கேள்விகளை விடாதீர்கள்: வட்டி ஆண்டுக்கு எத்தனை சதவீதம், பிராசஸிங் கட்டணம் எவ்வளவு, முன்கூட்டி முடித்தால் அபராதம் உண்டா. கார்டு இ.எம்.ஐ. வட்டிக்கும் ஜி.எஸ்.டி. உண்டு என்பதால், "16 சதவீதம்" என்று சொன்னால் உண்மையில் 18.88.

வெளியில் தனிநபர் கடன் கிடைத்தால் இன்னும் நல்லது. 1 லட்சத்துக்கு 16 சதவீதம், 36 மாதம் என்றால் மாதத் தவணை ஏறத்தாழ 3,516 ரூபாய். கார்டில் வெறும் வட்டிக்கே 4,130 போகிறது. அதைவிடக் குறைவாகக் கட்டி மூன்று வருடத்தில் கடனையே முடித்துவிடலாம். அரசு ஊழியர், ஆலைத் தொழிலாளர் என்றால் பணியாளர் கூட்டுறவு சிக்கன நாணயச் சங்கத்தை முதலில் கேளுங்கள். வீட்டில் நகை இருந்து, மீட்க வருமானமும் இருந்தால், வங்கி நகைக்கடன் கார்டு வட்டியில் கால் பங்கு அளவில் முடியும். வருமானம் நின்றுபோனவர் நகையை வைக்கக் கூடாது. கார்டு கடனுக்கு ஈடு கிடையாது. ஈடில்லாத கடனை அடைக்கத் தாலிச் சங்கிலியை ஏலத்துக்குக் கொண்டுபோய் நிறுத்துவது சரியான கணக்கு இல்லை. கந்துவட்டிக்கோ மீட்டர் வட்டிக்கோ வாங்கிக் கார்டை அடைப்பதற்கும் இதே பதில்தான்.

வருமானமே நின்றவர் கேட்க வேண்டியது செட்டில்மென்ட். கிளையில் கேட்டுப் பயனில்லை. கார்டு வழங்கிய வங்கியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு, பிறகு அவருக்கு மேல்நிலையில் புகாரைப் பார்க்கும் நோடல் அதிகாரிக்கு மின்னஞ்சலும் பதிவுத் தபாலும் அனுப்ப வேண்டும். முகவரி மாத ஸ்டேட்மென்ட்டிலும் வங்கியின் தளத்திலும் இருக்கும். கடிதம் ஒரு பக்கம் போதும்: கார்டின் கடைசி நான்கு எண், வருமானம் எந்தத் தேதியில் எதனால் நின்றது, அதற்குச் சான்று (வேலை நீக்கக் கடிதம், மருத்துவமனை டிஸ்சார்ஜ் தாள்), இப்போதைய மாத வரவு செலவு, மாதம் எவ்வளவு முடியும் அல்லது ஒரே தொகையாக எவ்வளவு முடியும். கையில் இல்லாத தொகையைச் சொல்லாதீர்கள். முதலில் சொன்ன தேதியிலேயே தவறினால் அடுத்த பேச்சு கடினமாகிவிடும்.

குறைந்தபட்சத் தொகை 90 நாள் கட்டப்படாமல் போனால் கணக்கு வாராக் கடனாகும். தள்ளுபடிப் பேச்சு சூடுபிடிப்பது பெரும்பாலும் அதற்குப் பிறகுதான். எவ்வளவு குறையும் என்று உறுதி சொல்ல யாராலும் முடியாது. சொல்பவரை நம்ப வேண்டாம்.

சலுகைக் கடிதத்தில் என்ன இருக்க வேண்டும் என்பதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். வங்கியின் அதிகாரபூர்வ மின்னஞ்சலிலிருந்து வர வேண்டும். கார்டு எண், தொகை, ஒவ்வொரு தவணையின் தேதி, இது முழுமையான இறுதித் தீர்வு, மீதி கேட்கப்படாது என்ற வாசகம் எல்லாம் இருக்க வேண்டும். "முதல்ல பத்தாயிரம் போடுங்க சார், லெட்டர் சாயங்காலம் வரும்" என்று வசூல் ஏஜென்ட் சொன்னால் போடாதீர்கள். அந்தப் பத்தாயிரம் சாதாரண வரவாகப் போய்ச் சேரும், கடிதம் வராது. பணத்தை ஏஜென்ட்டின் ஜிபே எண்ணுக்கு அனுப்பாமல் கார்டு கணக்குக்கே நேராகக் கட்டுங்கள். முன்தேதியிட்ட செக் கொடுக்கவே கூடாது. கார்டு பாக்கி கட்டாமல் இருப்பது சிவில் விவகாரம். செக் திரும்பினால் அது மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138-ஆம் பிரிவின் கீழ்க் குற்ற வழக்கு. வங்கிக் கணக்கிலிருந்து தானாகப் பிடிக்கும் ஆணை திரும்பினாலும் 2007-ஆம் ஆண்டின் பணப் பட்டுவாடா முறைகள் சட்டத்தில் வழக்குப் போடலாம்.

சம்பளக் கணக்கும் கார்டும் ஒரே வங்கியில் இருந்தால், ஒப்பந்த உரிமையைக் காட்டி வங்கி கணக்கிலிருக்கும் பணத்தைக் கார்டுக்கு எடுத்துக்கொள்ளக்கூடும். வாடகை, பள்ளிக் கட்டணத்துக்கான பணத்தை வேறு வங்கியில் வைப்பது நல்லது.

செட்டில்மென்ட்டுக்கு ஒரு விலை உண்டு என்பதையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். சிபிலில் "முடிக்கப்பட்டது" என்று வராது, "செட்டில்டு" என்று வரும். அது ஆண்டுக்கணக்கில் நிற்கும். அடுத்த இரண்டு வருடத்தில் வீட்டுக் கடன் வாங்கத் திட்டம் இருப்பவர் இ.எம்.ஐ. வழியை முட்டிப் பார்த்துவிட்டே இதற்கு வர வேண்டும்.

வசூல் போன்கள்

ரிசர்வ் வங்கி விதிப்படி காலை 8 மணிக்கு முன்னும் இரவு 7 மணிக்குப் பின்னும் வசூலுக்காக அழைக்கக் கூடாது. மிரட்டக் கூடாது, நாலு பேர் முன் அவமானப்படுத்தக் கூடாது, மாமனாருக்கும் பக்கத்து வீட்டுக்கும் மேனேஜருக்கும் போன் போட்டு மானத்தை வாங்கக் கூடாது. வீட்டுக்கு வருபவரிடம் அடையாள அட்டையும் வங்கியின் அங்கீகாரக் கடிதமும் கேளுங்கள். ஏஜென்ட் செய்யும் தவறுக்கு வங்கிதான் பொறுப்பு. அழைப்பைப் பதிவு செய்யுங்கள். தேதி, நேரம், எண் மூன்றையும் ஒரு நோட்டில் குறித்துவாருங்கள்.

"போலீஸ் வரும், நாளைக்கு அரெஸ்ட்" என்பது வெறும் மிரட்டல். கட்ட முடியாமல் போன பாக்கிக்காகப் போலீஸ் வந்து பிடிக்காது. வங்கி வழக்குப் போட்டுத் தீர்ப்பே வாங்கினாலும், சம்பளத்தில் முதல் 1,000 ரூபாயையும் மீதியில் மூன்றில் இரண்டு பங்கையும் தொட முடியாது. 25,000 சம்பளம் என்றால் அதிகபட்சம் 8,000தான் பிடிக்கலாம். பி.எஃப். பணத்தில் கை வைக்க முடியாது. ஆனால் நீதிமன்றத்திலிருந்தோ மத்தியஸ்தரிடமிருந்தோ தாள் வந்தால் பிரிக்காமல் வைக்காதீர்கள். பதில் போகாவிட்டால் அவர்கள் சொன்ன தொகையே தீர்ப்பாகிவிடும்.

இந்தப் போன்களால் உயிரை மாய்த்துக்கொள்ளலாம் என்ற எண்ணம்வரை போனவர்கள் இருக்கிறார்கள். அப்படித் தோன்றினால் அந்த நிமிடமே 14416-க்கு அழையுங்கள். டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் அது, இலவசம், தமிழில் பேசுவார்கள். வீட்டில் ஒருவரிடமாவது பாக்கித் தொகையை முழுதாகச் சொல்லிவிடுங்கள். இது பேசித் தீர்க்கக்கூடிய கடன்தான்.

ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளர்

வங்கிகள்மேல் வரும் புகாரை விசாரிக்க ரிசர்வ் வங்கி வைத்திருக்கும் அதிகாரி இவர், ஓம்புட்ஸ்மேன் என்பார்கள். சென்னைக்குப் போக வேண்டியதில்லை. வங்கிக்கு எழுத்தில் புகார் கொடுத்து 30 நாள் பதில் இல்லை, அல்லது பதில் சரியில்லை என்றால், ரிசர்வ் வங்கியின் சி.எம்.எஸ். என்ற இணையப் புகார்த் தளத்தில் பதியலாம், சண்டிகர் மையத்துக்குத் தபாலிலும் அனுப்பலாம். 14448-இல் வழி கேட்கலாம். கட்டணம் கிடையாது. வக்கீல் மூலம் புகார் கொடுக்க அனுமதியே இல்லை. ஆகவே "ஓம்புட்ஸ்மேன் புகாருக்கு ஐயாயிரம்" என்று கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

இவர் கடனைக் குறைக்க மாட்டார். அதை எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றம்தான். தவறான கட்டணம், வசூல் அத்துமீறல், கட்டிய பின்னும் சிபிலில் பாக்கி காட்டுவது போன்றவற்றுக்கு இவரைவிட நல்ல இடம் இல்லை. ஸ்டேட்மென்ட்டில் இரண்டை மட்டும் சரிபாருங்கள்: கட்ட வேண்டிய தேதிக்குப் பின் மூன்று நாளுக்குள் கட்டியிருந்தும் தாமதக் கட்டணம் போட்டார்களா? கட்டாத கட்டணத்துக்கும் வரிக்கும் மேல் வட்டி ஏற்றினார்களா? இரண்டும் ரிசர்வ் வங்கியின் கார்டு விதிக்கு முரண். வங்கியிடம் முதலில் புகார் செய்யாமல் நேரே இங்கே வருவதுதான் புகார் தள்ளுபடியாக முக்கியக் காரணம்.

மக்கள் நீதிமன்றம்

இரு தரப்பையும் உட்காரவைத்துப் பேசி முடிக்கும் இடம் இது, லோக் அதாலத் என்பார்கள். எங்கள் பட்டியலில் முதலிடம் இதற்கு. கடலூர் நீதிமன்ற வளாகத்தில் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. சிதம்பரம், விருத்தாசலம், பண்ருட்டிக்காரர்கள் அங்கங்கே வட்ட சட்டப் பணிகள் குழுவை அணுகலாம். புதுச்சேரியில் கடலூர் சாலை ஒருங்கிணைந்த நீதிமன்ற வளாகத்தில் கேட்க வேண்டும். 15100 இலவச எண். பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமான வரம்பில்லாமல் இலவச வக்கீல் கிடைப்பார்.

வழக்குப் போடாத நிலையிலேயே வெள்ளைத் தாளில் மனுக் கொடுக்கலாம். ஆதார் நகல், கடைசி ஆறு மாத ஸ்டேட்மென்ட், வங்கிக்கு அனுப்பிய கடிதம், வருமானச் சான்று இணையுங்கள். வங்கியே உங்கள் கணக்கைத் தேசிய மக்கள் நீதிமன்றத்துக்கு அனுப்பியிருந்தால் உங்களுக்கு நோட்டீஸ் வரும். அதைக் கண்டு ஊரைவிட்டுப் போனவர்கள் உண்டு. அது பேச வரச்சொல்லும் அழைப்பு மட்டுமே. நீங்கள் சம்மதிக்காமல் அங்கே எந்தத் தீர்வும் எழுத முடியாது. நடுவில் நீதித்துறை அதிகாரி உட்கார்ந்திருப்பதால் பேச்சின் தொனியே மாறும். போனில் கத்திய குரல் அங்கே எழாது.

குறைகளும் உண்டு. தனியார் வங்கிகள் சில சமயம் முடிவெடுக்க அதிகாரமில்லாத ஆளை அனுப்பிவைக்கின்றன. அவர் "மேலே கேட்டுச் சொல்றேன்" என்றால் அடுத்த அமர்வுதான். இன்னொன்று இதைவிடப் பெரியது: அங்கே எழுதப்படும் தீர்வு சிவில் நீதிமன்றத் தீர்ப்புக்குச் சமம், மேல்முறையீடு கிடையாது. தவணை தவறினால் தீர்வை நிறைவேற்றித் தரச் சொல்லி வங்கி நேராக மனுப் போடலாம். முடியாத தொகைக்கு, கூட்டத்தின் அவசரத்தில், கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். மீதித் தொகை தள்ளுபடி என்ற வரி தாளில் இருக்கிறதா என்று வாசித்துப் பாருங்கள். நகல் வாங்காமல் வளாகத்தை விட்டு வெளியே வர வேண்டாம்.

மஞ்சள் நோட்டீஸ்

ஐ.பி. (திவால் மனு) கொடுத்துவிடலாமா என்று கேட்பவர்களுக்கு: கடலூர் மாவட்டத்தில் தனிநபர் திவால் மனு இன்றும் 1920-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ்தான் நடக்கிறது. 2016-ஆம் ஆண்டுத் திவால் சட்டத்தின் தனிநபர் பகுதி நிறுவனக் கடனுக்கு ஜாமீன் போட்டவர்களுக்கு மட்டுமே அமலுக்கு வந்திருக்கிறது. மனுப் போட்டால் எல்லாக் கடன்காரர் பெயரையும் எல்லாச் சொத்தையும் காட்ட வேண்டும். மறைத்தால் அதுவே குற்றம். மனு ஏற்கப்பட்டால் சொத்து நீதிமன்ற நிர்வாகத்துக்குப் போகும், விடுவிப்புக்கு மறுபடி தனியாக மனுப் போட வேண்டும். ஒன்றிரண்டு கார்டுக்கு இது தேவையில்லை. வியாபாரம் நொடித்துப் பத்துப் பதினைந்து பேரிடம் கடன் நிற்பவருக்கு மட்டும், நல்ல சிவில் வக்கீலோடு.

கட்டி முடித்த பிறகு

கடைசித் தவணைக்குப் பின் நோ டியூ சான்றை எழுதிக் கேட்டு வாங்குங்கள். பிறகு கார்டை மூடச் சொல்லி எழுத வேண்டும். பாக்கி இல்லாத கார்டை 7 வேலை நாளுக்குள் மூடாவிட்டால் தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் 500 ரூபாய் வங்கி உங்களுக்குத் தர வேண்டும். ஒன்றிரண்டு மாதம் கழித்து, ஆண்டுக்கு ஒருமுறை இலவசமாகக் கிடைக்கும் சிபில் அறிக்கையை எடுத்துப் பாருங்கள். பாக்கி இன்னும் காட்டினால், சான்றை இணைத்து வங்கிக்கும் சிபிலுக்கும் புகார் செய்யுங்கள். 30 நாளுக்குள் தீர்க்காவிட்டால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு உண்டு. சலுகைக் கடிதம், கட்டிய ரசீதுகள், நோ டியூ சான்று மூன்றையும் ஒரே கவரில் போட்டு வீட்டுப் பத்திரத்தோடு வைத்துக்கொள்ளுங்கள். விற்கப்பட்ட பழைய கடன் பட்டியலை வைத்துக்கொண்டு நாலு வருடம் கழித்தும் யாராவது போன் செய்வார்கள். அன்றைக்கு அந்தக் கவர் வேண்டும்.